இடுப்பெலும்பு யாருக்குப் போனது?

"அக்கா, பத்து நிமிஷ வேலைன்னு சொல்லித்தானே மேலாளர் அனுப்புனாரு? ஒண்ணேகால் மணி நேரமாச்சு. மனுசன் பேனாவைத் தொடக்கூட மாட்டேங்கறாரு."

குபாத் இதைச் சொன்னபோது அவன் வாயில் உருளைக்கிழங்கு பொதிந்த பலகாரம் ஒன்று முழுசாக இருந்தது. காலை பத்து மணிக்கே அது நாலாவது. பன்னிரண்டு வருஷம் டாக்ஸி ஓட்டியவன். இப்போது ஜிபாருக்குக் காரோட்டி, ஃபைல் தூக்கி, கேட்காமலே யோசனை சொல்கிறவன், எல்லாம் அவனே. சம்பளம் மட்டும் ஒரு ஆளுக்குத்தான்.

ஜிபார் இருபத்திரண்டு வருஷம் கரக்கோல் ஊரில் டிராஃபிக் இன்ஸ்பெக்டராக இருந்தவள். ஓய்வு பெற்ற பிறகு 'பொற்குடை காப்பீடு' கம்பெனியில் விசாரணை அதிகாரி. விசாரிப்பது அவள் வேலை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். கம்பெனியோ விசாரித்த மாதிரி ஒரு கையெழுத்து கிடைத்தால் போதும் என்று நினைத்தது. அங்கேதான் இரண்டு வருஷமாக உரசல்.

"தொட மாட்டார்டா. அவர் முகத்தைப் பாரு" என்றாள் ஜிபார்.

'ஏழு கணவாய் வாடகைக் கார்' நிலையத்தின் முற்றத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில், முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார் பொஹுமில். செக் நாட்டுக்காரர், அறுபத்தாறு வயது. அவர் முன்னால் மேசையில் ஒரே ஒரு தாள். 'என் கவனக்குறைவால் வண்டியின் அடிப்பாகம் சேதமடைந்தது' என்று அதில் அச்சடித்திருந்தது. கீழே ஒரு கோடு, கையெழுத்துக்கு. அவருடைய பாஸ்போர்ட் நிலையத்து மேசை டிராயரில். மறுநாள் விடியற்காலை தலைநகர் பிஷ்கெக்கில் விமானம். ஆறு மணி நேரப் பயணம். கோட்டில் கையெழுத்து விழுந்தால்தான் டிராயர் திறக்கும்.

"பணம்தான் வேணும்னா எடுத்துக்குங்க" என்றார் அவர், பள்ளிக்கூடத்தில் கட்டாயமாகப் படித்த ருஷ்ய மொழியில். "முன்பணத்தை முழுசா எடுத்துக்குங்க. ஆனா 'என் தப்பு'ன்னு மட்டும் எழுத மாட்டேன். முப்பத்தாறு வருஷம் பஸ் ஓட்டியிருக்கேன். ஒரு புறாவைக்கூட இடிச்சதில்ல. டிப்போ சுவத்துல என் பேரு இருக்கு. இப்ப அதே பஸ்ஸை என் பொண்ணு ஓட்டுறா. நான் போய் அவகிட்ட என்னன்னு சொல்லுவேன்?"

குபாத் மெல்லுவதை நிறுத்தினான்.

கார் நிலையத்து முதலாளி இஷென்பெக் தலையைச் சொறிந்தான். "ஐயா, நான் என்ன உங்களைத் தூக்குலயா போடப் போறேன்? ஒரு கையெழுத்து. ஆத்தைக் கடக்கறப்ப பாறை இடிச்சிருக்கு. எல்லாருக்கும் நடக்கிறதுதான்."

"நான் ஆத்தைக் கடக்கவே இல்ல. பாலம் இருந்துச்சு. பாலத்துல போனேன்."

"சரி, முழுக் காப்பீடுதானே எடுத்திருக்காரு?" என்று குபாத் குறுக்கே புகுந்தான்.

"முழுசுதான். யாரு இல்லைன்னது?" என்றான் இஷென்பெக். "சக்கரம் வராது, கண்ணாடி வராது, கூரை வராது, அடிப்பாகம் வராது. மத்தபடி முழுசு."

"மத்தபடி என்னண்ணே இருக்கு?"

"கதவு."

"அப்ப கதவுக்குக் காசு குடுப்பீங்க."

"சாத்தியிருந்தா குடுப்போம். திறந்திருக்கறப்ப காத்து அடிச்சு வளைஞ்சா வராது."

"சாத்துன கதவுக்கு என்னண்ணே ஆகப் போகுது?"

"அதான் சொல்றேன், பயப்படவே வேண்டாம்."

குபாத் ஜிபாரைப் பார்த்தான். இந்த மாதிரிக் காப்பீட்டை விற்கிற கம்பெனியில்தான் நாமும் சம்பளம் வாங்குகிறோம் என்ற வெட்கம் அவனுக்கு அவ்வப்போது வரும். பலகாரம் தீர்ந்துபோகிற நேரங்களில் அதிகமாக வரும்.

ஜிபார் வண்டிக்கு அடியில் குபாத்தைத் தள்ளினாள். அவன் புழுதியோடு வெளியே வந்து, "பாதுகாப்புத் தகடு அப்பளம் மாதிரி சுருண்டு கெடக்கு. வளைஞ்ச இடமெல்லாம் துரு. இவர் வண்டி எடுத்ததே போன வாரம் செவ்வாய்க்கிழமை, இன்னையோட ஒன்பது நாள்" என்றான்.

"ஏரிக் காத்து தம்பி" என்றான் இஷென்பெக் உடனே. "ராத்திரி வெளிய வச்ச ஆணி காலையில துருப்பிடிச்சிரும்."

"துரு சாட்சி சொல்லாதுடா" என்றாள் ஜிபார். "சொன்னாலும் நம்ம கம்பெனி நம்பாது. விடு."

அவள் பார்வை வண்டியில் இல்லை. முற்றத்தின் பின்னால் இஷென்பெக்கின் வீடு. வீட்டு ஓரம், சர்க்கரை பாதாமி மரத்தடியில், ஒரு பெரிய இரும்புக் கொப்பரை கவிழ்த்து வைத்திருந்தது. பக்கத்தில் கரி பிடித்த மூன்று கற்கள். கொப்பரையின் வயிற்றில் சிவப்புப் பெயின்டில் யாரோ எழுதியிருந்தார்கள்: 'அசான்குல், 4-ஆம் வீடு'. இந்த ஊரில் விசேஷத்துக்குப் பாத்திரம் இரவல் போகும். பெயர் எழுதாத பாத்திரம் திரும்பி வராது.

"வீட்டுல விசேஷமா இஷென்பெக்?"

"அதெல்லாம் இல்லக்கா. சும்மா, குடும்பமா உக்காந்து சாப்பிட்டோம்."

"நாப்பது பேரு கொப்பரை. உங்க வீட்டுல மூணு பேரு."

"நல்லா சாப்பிடுவோம்."

"சாப்பிடுங்க, சாப்பிடுங்க. நாங்க நாலாம் வீட்டு வழியாத்தான் போறோம். கொப்பரையைக் குடுத்துர்றோம்."

"ஐயோ, உங்களுக்கு எதுக்குக்கா சிரமம்!" இஷென்பெக் பாய்ந்து வந்து கொப்பரையின் காதைப் பிடித்தான். "நானே சாயந்திரம்..."

"இரவல் வாங்கின பொருளைத் திருப்பிக் குடுக்கவிடாம தடுக்கற ஆளை இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்றாள் ஜிபார். "குபாத், தூக்கு."

குபாத்தின் ஹோண்டா காரே கொப்பரையைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. உள்ளே போகவில்லை. கூரைமேல் கவிழ்த்து வைத்துக் கயிற்றால் கட்டினார்கள். தெருவில் போகிறவர்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள்.

"அக்கா, கூரை நசுங்கினா காப்பீடு வருமா?"

"வாயை மூடிட்டு ஓட்டு."

நாலாம் வீட்டு வாசலில் அசான்குல் காத்துக்கொண்டிருந்தது போலவே நின்றிருந்தார். எழுபத்தொரு வயது, தேனீ வளர்ப்பவர். தேனீக்கள் அவரைக் கொட்டாததற்கு மரியாதை காரணமில்லை, பயம்தான் என்று தெருவில் பேச்சு.

"பன்னெண்டு நாளு!" என்று அவர் கத்தினார். "பன்னெண்டு நாளா என் கொப்பரை அவன் வீட்டுல! கழுவியாவது குடுத்தானா, பாருங்க! கொழுப்பு அப்படியே ஒட்டிட்டு இருக்கு!"

"விருந்து பலமோ பெரியவரே?" என்று குபாத் கயிற்றை அவிழ்த்தபடி கேட்டான்.

அவ்வளவுதான். அடைத்து வைத்த மதகு திறந்தது.

"விருந்தா? அதுக்குப் பேரு விருந்தா? எழுபத்தொரு வயசுக்காரன் நான். தெருவுல எனக்கு மூத்தவன் கிடையாது. என் தட்டுல என்ன வச்சான் தெரியுமா? முதுகெலும்பு! பள்ளிக்கூடம் போற பொடிப்பசங்களுக்குக் குடுக்கற முதுகெலும்புத் துண்டு! கொப்பரை என்னுது. விறகு என்னுது. டிராக்டர் எங்க வீட்டுது. மூத்தவனுக்குப் போற இடுப்பெலும்பு எனக்கு வரவேண்டாமா? நீயே சொல்லு தம்பி!"

"வரணும், வரணும். அதென்ன டிராக்டர்?"

"அவன் வாடகை வண்டியை வேற எது இழுக்கும்? போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை மீன் பிடிக்கப் போறேன்னு போயி, ஆத்தோரப் பாறை மேல ஏத்தி உக்கார வச்சுட்டான். முன்சக்கரம் ரெண்டும் தண்ணிக்கு மேல ஆடுது. எங்க பையன் டிராக்டரைக் கட்டி இழுத்தான். உயிர் பொழச்சதே பெருசு. மறுநாள் ஞாயிறு, சந்தையில ஆடு வாங்கிட்டு வந்து, துலோ குடுத்தான். உயிர் தப்பிச்சா ஆடு அறுத்து ஊருக்குச் சோறு போடணும்ல? அதுல ஒண்ணும் குறை சொல்ல மாட்டேன். ஆனா இடுப்பெலும்பு!"

குபாத் கயிற்றைக் கீழே போட்டான். "அக்கா! சனிக்கிழமை வண்டி பாறையில. ஞாயித்துக்கிழமை துலோ. செவ்வாய்க்கிழமைதான் பஸ் டிரைவர் வண்டி எடுத்தாரு. கேஸ் முடிஞ்சுது!"

அதுதான் இஷென்பெக் செய்த பிழை. வண்டியின் தாளில் பொய் எழுத அவனுக்குக் கை நடுங்கவில்லை. பாஸ்போர்ட்டைப் பூட்டி வைக்கவும் கூசவில்லை. ஆனால் உயிர் தப்பிவிட்டு ஆடு அறுக்காமல் இருக்க மட்டும் பயந்துவிட்டான். ஏமாற்றுக்காரனுக்கும் ஆண்டவன் பயம் உண்டு, பாவம்.

ஜிபார் குதிக்கவில்லை. "அந்த இடுப்பெலும்பு யாருக்குப் போச்சு பெரியவரே?" என்றாள் மெதுவாக.

"அவன் சம்பந்திக்கு! பொண்ணைக் கட்டிக் குடுத்த வீட்டு ஆளாம். தொப்பையும் ஆளும். நடு இடத்துல உக்காந்து, ஆசி வேற அவன்தான் சொன்னான். கால் மணி நேரம்! கறி ஆறிப்போச்சு. போறப்ப மிச்சக் கறியையும் கட்டிட்டுப் போனான், மஞ்சக் குடை போட்ட நீலப் பையில."

குபாத்தின் பார்வை தானாகக் காரின் முன்சீட்டுக்குப் போனது. அங்கே பொஹுமிலின் ஃபைல், ஒரு நீலப் பையில் கிடந்தது. புத்தாண்டுக்குக் கம்பெனி கொடுத்த பை. அதன் நடுவில் மஞ்சள் குடை.

"அக்கா..."

"ம்."

"அந்தப் பை நம்மூர்ல மொத்தம் மூணு பேருக்குத்தான் குடுத்தாங்க. ஒண்ணு நான், ஒண்ணு நீங்க. எனக்குத் தொப்பை கம்மி."

"மூணாவது ஆளுதான் நம்மளை இன்னைக்கு இங்க அனுப்புனது" என்றாள் ஜிபார். கிளை மேலாளர் தோக்தோசுன். பத்து நிமிஷ வேலை, விசாரணை எல்லாம் வேண்டாம், கையெழுத்து வாங்கினால் போதும் என்று காலையில் அவர் சொன்னது இப்போதுதான் குபாத்துக்கும் உறைத்தது. வெளிநாட்டுக்காரர் தலையில் பழி விழுந்தால் கம்பெனிக்கு ஒரு காசு செலவில்லை, சம்பந்தி வண்டியும் சும்மா சரியாகிவிடும்.

"நமக்குச் சம்பளம் போடறதே அந்தக் குடைதான்க்கா. அதைக் கிழிச்சா நனையப் போறது நாம."

"மழை வந்தா பாத்துக்கலாம்." அவள் ஃபோனை எடுத்தாள். "தோக்தோசுன் அண்ணே, கையெழுத்துப் போடறேங்கறாரு. ஆனா மேலாளர் முன்னாடிதான் போடுவாராம். பெரிய மனுசங்க வந்தா நல்லாருக்கும்னு அவருக்கு ஆசை." பெரிய மனுசன் என்று சொன்னால் தோக்தோசுன் நெருப்பிலும் நடந்து வருவார். அவள் ஃபோனை வைத்துவிட்டு, அசான்குலின் காதருகே குனிந்து என்னமோ சொன்னாள். கிழவரின் முகம் மலர்ந்தது. அவர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார்.

ஏழு கணவாய் நிலையத்துக்கு அவர்கள் திரும்பியபோது, புதிதாக ஒரு வெளிநாட்டு ஜோடி வந்து காத்திருந்தது. அதே வண்டியைத்தான் அவர்களுக்கும் பேசி முடித்திருந்தான் இஷென்பெக். அசான்குலைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது.

"துலோ குடுத்தியாமே?" என்றாள் ஜிபார்.

"குடுத்தேன். அதுக்கென்னக்கா? சீசன் நல்லாருக்கணும்னு வேண்டிட்டுக் குடுத்தேன். வண்டிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

"டிராக்டர்?"

"எந்த டிராக்டர்? கிழவருக்குக் கண்ணு சரியில்ல. அவர் பையன் எனக்கு ஆகாதவன். நீதிமன்றத்துல நிக்குமா இது?"

நிற்காது. ஜிபாருக்கும் அது தெரியும். பக்கத்து வீட்டுச் சண்டையில் சொன்ன சாட்சியை ஒரே ஊதலில் ஊதிவிடுவார்கள். பொஹுமில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்று. அவர் கை முதல் முறையாகப் பேனாவின் பக்கம் நகர்ந்தது. நகர்ந்து, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

அந்த நேரத்தில் கறுப்பு ஜீப் வந்து நின்றது. தோக்தோசுன் இறங்கினார். முதலில் தொப்பை, பின்னால் அவர்.

"வாழ்த்துகள் ஐயா, நல்ல முடிவு!" என்று பொஹுமிலின் கையைக் குலுக்கினார். இஷென்பெக்கைப் பார்த்து, முன்பின் தெரியாத ஆளைப் போலத் தலையாட்டினார். "இவர்தான் கார் உரிமையாளரா? மகிழ்ச்சி."

"உங்களுக்கு இவரைத் தெரியாதாண்ணே?" என்றாள் ஜிபார்.

"வாடிக்கையாளர். அவ்வளவுதான்."

அசான்குல் முன்னால் வந்தார். தோக்தோசுனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி குபாத்திடம் சொன்னார்: "இந்த ஆளுதான்பா. இடுப்பெலும்பு தின்ன ஆளு. தின்னதைக்கூட மன்னிச்சிருவேன். ஆனா ஆசி சொன்னான் பாரு! சம்பந்தின்னு நடு இடத்துல உக்கார வச்சா, ரெண்டே வரி. 'ஆண்டவன் நல்லா வைக்கட்டும், கறி நல்லா வேகட்டும்.' அவ்வளவுதான். அதுலயும் திக்குனான். எங்க தெருவுல ஆட்டு வியாபாரிகூட இதைவிட நல்லா ஆசி சொல்லுவான்."

தோக்தோசுனின் கழுத்து சிவந்தது. ஊரில் கல்யாணம், கருமாதி எதுவானாலும் முதல் ஆசி அவருடையது. அதில் அவருக்கு இருக்கிற கர்வம் வேறு எதிலும் கிடையாது.

"ரெண்டு வரியா?" என்றார். "யோவ் கிழவா, யாரு ரெண்டு வரி சொன்னது? கால் மணி நேரம் சொன்னேன்! பொம்பளைங்க கண்ணுல தண்ணி! 'இந்த இரும்புக் குதிரையின் வயித்துக் காயம் ஆறட்டும், பாறையில வளைஞ்ச எலும்பு நிமிரட்டும், அடுத்த தடவை ஆறு விலகி வழி விடட்டும்'னு எடுத்து, ஏழு தலைமுறைக்கு..."

இரண்டு உள்ளங்கைகளையும் ஏந்தி, முகத்துக்கு நேரே உயர்த்தியபடியே அவர் நின்றார். கைகள் இறங்கவில்லை. வாய் மட்டும் மெல்ல மூடியது.

இஷென்பெக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். "சம்பந்தி..." என்று முனகினான்.

குபாத், கடமை தவறாதவன், மொத்த ஆசியையும் ஒரு வார்த்தை விடாமல் ருஷ்ய மொழியில் பொஹுமிலுக்குச் சொன்னான். இரும்புக் குதிரை வரும் இடத்தில் கொஞ்சம் குரலை உயர்த்தவும் செய்தான்.

ஜிபார் நீலப் பையிலிருந்து வண்டியின் காப்பீட்டுத் தாளை எடுத்தாள். "ஞாயித்துக்கிழமை வண்டியோட வயித்துக் காயம் ஆறணும்னு கையேந்துனீங்க. செவ்வாய்க்கிழமை காலையில, 'வண்டி குறையேதும் இல்லாமல் இருக்கிறது'ன்னு இதுல கையெழுத்து. உங்க கையெழுத்துதானேண்ணே? ரெண்டு நாள்ல ஆறிடுச்சா? அவ்வளவு நல்ல ஆசியா?"

"ஜிபார், உன் ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது, ஞாபகம் இருக்கட்டும்."

"ஞாபகம் இருக்கு. தலைமை அலுவலகத்துக்கு இன்னைக்கே அறிக்கை போகுது. நாளைக்கு யாரு ஒப்பந்தம் முதல்ல முடியுதுன்னு பாக்கலாம்." குரல் உயரவே இல்லை. இருபத்திரண்டு வருஷம் நடுரோட்டில் நின்று லாரிகளை நிறுத்திய குரல் அது. "டிராயரைத் திற இஷென்பெக். முன்பணத்தையும் சேர்த்து எடு."

டிராயர் திறந்தது. பொஹுமில் பாஸ்போர்ட்டை வாங்கிப் பிரித்து, தன் படத்தைப் பார்த்து, சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டார். மேசைமேல் இருந்த 'என் கவனக்குறைவால்' தாளை நாலாக மடித்து ஜிபாரிடம் கொடுத்தார். குபாத் காரின் கதவைத் திறந்து பிடித்தான்.

"ஏறுங்க ஐயா. பிஷ்கெக் வரைக்கும் நானே விடறேன். காப்பீடு இல்லாத வண்டி, அதனால பத்திரமா ஓட்டுவேன்."

பொஹுமில் ஏறவில்லை. முற்றத்தில் காத்திருந்த ஜோடியைப் பார்த்தார். அந்தப் பெண் மலைப்பாதைப் படத்தை விரித்து வைத்திருந்தாள்.

"இவங்களுக்கு இதே வண்டியா?" என்றார்.

இஷென்பெக் தரையைப் பார்த்தான்.

"வண்டி குடுக்கறப்ப கீறல் குறிக்கிற தாள் எங்கே?"

ஜிபார் அதை எடுத்து மேசைமேல் வைத்தாள். அதில் ஒரு காரின் படம், நாலு பக்கத்திலிருந்தும், மேலிருந்தும். எங்கே கீறல் இருக்கிறதோ அங்கே பெருக்கல் குறி போட வேண்டும். பொஹுமில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அடிப்பக்கம் எங்க?" என்றார்.

ஐந்து படங்களில் அடிப்பக்கம் இல்லை. வண்டி வாடகைக்கு விட ஆரம்பித்த நாளிலிருந்தே இல்லை. அங்கே எவ்வளவு உடைந்தாலும் குறிக்க இடம் கிடையாது. குறிக்காத சேதம் எல்லாம் கடைசியாக ஓட்டியவன் தலையில்தான் விழும். இந்த இரண்டு வருஷமும் தானும் அதே தாளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம் என்று நினைத்து ஜிபாருக்கு முகம் சுருங்கியது.

பொஹுமில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். காலையிலிருந்து தொடாத பேனாவை எடுத்தார். தாளின் பின்பக்கத்தில், அவசரமில்லாமல், ஒரு வண்டியின் வயிற்றை வரைந்தார். அச்சு, குழாய்கள், எண்ணெய்த் தொட்டி, சுருண்ட தகடு. முப்பத்தாறு வருஷம் பஸ்ஸுக்கு அடியில் படுத்து எழுந்தவரின் கை. ஒரு கோடும் தப்பவில்லை. வளைந்த இடங்களில் எல்லாம் பெருக்கல் குறி போட்டார். மொத்தம் பதினொன்று. கீழே தேதி எழுதினார்.

அதற்கும் கீழே, பெரிதாக, தெளிவாக, கையெழுத்துப் போட்டார்.

"இந்தாங்க. காலையிலேர்ந்து கேட்டீங்களே" என்று அதை இஷென்பெக்கிடம் கொடுத்தார்.

இஷென்பெக் வாங்குவதற்குள் அந்த ஜோடியில் இருந்த பெண் எட்டி வாங்கிக்கொண்டாள். படத்தைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள். பிறகு இரண்டு பேரும் மலைப்பாதைப் படத்தைச் சுருட்டி வைத்துவிட்டு, முழங்காலை மண்ணில் ஊன்றி, அடியில் குனிந்து பார்க்க ஆரம்பித்தார்கள்.